பகவதியம்மாள் கண் விழிக்க வேண்டும்

பகவதியம்மாளை முதல் தடவை கொன்றபோது டாக்டர் தங்கபுஷ்பம் அவ்வளவாக வருத்தப்படவில்லை. கண்ணாடியையும் கையுறையையும் கழற்றி மேசையில் போட்டாள். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். "பொங்கலாம், பொங்கல்" என்று சுவரைப் பார்த்துத் திட்டினாள். அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டராக வேண்டுமானால் அந்தக் காலத்தில் ஒரு பெரிய பரீட்சை எழுதியாக வேண்டும். உயிருள்ள நோயாளியை வைத்து அதை நடத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதற்கென்று 'துயில்' என்றொரு கணினி ஏற்பாடு வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எதிரே ஆபரேஷன் தியேட்டர். கையுறையைப் போட்டுக்கொண்டால் ஊசியும் குழாயும் கைக்கு வரும். மேசையில் ஒரு நோயாளி படுத்திருப்பார். அப்படிப் பன்னிரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். ரத்தமும் சதையும் கிடையாது. ஆனால் தென்மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் டாக்டர்களிடம் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகையால் நிஜ நோயாளிகளைப் போலவே துளியும் கூச்சமில்லாமல் பொய் சொல்வார்கள்.

பகவதியம்மாள் அதில் கெட்டிக்காரி. வயது நாற்பத்திரண்டு, பாளையங்கோட்டையில் மாவுக்கடை, பித்தப்பையில் கல், கூடவே ரத்த அழுத்தம். "காலையிலேர்ந்து எதுவும் சாப்பிட்டீங்களா?" என்று தங்கபுஷ்பம் புத்தகத்தில் உள்ளபடியே கேட்டாள். "பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டரம்மா" என்றாள் பகவதியம்மாள், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற முகத்தோடு. மருந்து ஏறிக் கண் செருகியதும் வயிற்றிலிருந்த நெய்ப் பொங்கல் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. பிள்ளையார் கோயில் பிரசாதம். பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்பது அவள் கட்சி.

தங்கபுஷ்பத்துக்கு இது மூன்றாவது முயற்சி, விதிப்படி கடைசி. முந்தைய இரண்டு தடவையும் மருந்தின் அளவு, மூச்சின் கணக்கு, ரத்த வாயுக்களின் கணக்கு எல்லாவற்றிலும் அவளை அடிக்க ஆளில்லை. நோயாளியிடம் பேசுகிற இடத்தில்தான் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் கோவில்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓய்வு பெறும்வரை காய்ச்சல் மாத்திரை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் தியேட்டருக்குள் ஒரு மனிதரின் மூச்சைத் தன் கையில் வாங்கித் திரும்பக் கொடுக்கிற அந்த வேலை மீது அவளுக்கு அப்படியொரு ஆசை. முப்பத்தொன்பது வயதில் வந்த காதல் என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

மறுநாள் மத்தியானம் டியூட்டி முடித்து வந்து மறுபடி கண்ணாடியை மாட்டினாள். பகவதியம்மாள் மேசையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வாங்க டாக்டரம்மா. இன்னைக்குப் பொங்கல் திங்கல. நேத்து மூச்சு முட்டிச்சு பாத்தீங்களா, அதுல ரொம்பப் பயந்துட்டேன்."

தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் பயிற்சி முடிந்ததும் உள்ளே இருப்பவர்களின் நினைவைத் துடைத்துவிடுவார்கள். அடுத்த ஆள் வரும்போது எல்லாரும் புத்தம் புதுசாகப் படுத்திருக்க வேண்டும். இவள் என்ன நேற்றையக் கதை பேசுகிறாள்? அந்தக் குழப்பத்தில் தங்கபுஷ்பம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் மருந்தை ஏற்றிவிட்டாள். தொண்டைக்குள் மூச்சுக்கான குழாயை வைத்ததும் பகவதியம்மாளின் இதயம் தறிகெட்டு ஓடி, தடுமாறி, நின்றுபோனது. தினமும் போட வேண்டிய அழுத்த மாத்திரையை அன்று காலை அவள் போடவில்லை. வெறும் வயிற்றோடு வா என்று நர்ஸ் சொன்னாளாம். பொங்கல் சாப்பாடில்லை, மாத்திரை சாப்பாடு.

இந்தத் தடவை தங்கபுஷ்பத்தால் காப்பி குடிக்க முடியவில்லை. தெரிந்தவளைக் கொன்றது போல இருந்தது.

அவளோடு மருத்துவம் படித்த ஹமீது நைனார், ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவன். அதனாலேயே கணினிப் பக்கம் ஓடிப்போய் இப்போது துயிலைப் பராமரிக்கிற இடத்தில் ஆலோசகனாக இருந்தான். அவனுக்குப் போன் போட்டாள்.

"உன்னோட பதிவு எண்ல மட்டும் நினைவு அழியாம நிக்குது" என்றான், பார்த்துவிட்டு. "வேற எண்ல யார் வந்தாலும் அவங்களுக்குப் பழைய பகவதியம்மாதான். உனக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் வச்சிருக்கிற பகவதியம்மா. எங்கயோ ஒரு பிசகு. நீ புகார் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல துடைச்சிருவாங்க."

"குடுக்கலேன்னா?"

"எனக்குத் தெரியாதுன்னு இருந்துக்கறேன். பரீட்சைக்கும் அதே எண்தான் புஷ்பம். அதுவும் நீ யார்கிட்ட அதிகம் தடுமாறினியோ அவங்களத்தான் பரீட்சைல படுக்க வைக்கும். அவ உன்கிட்டக் கேக்காமலே எல்லாத்தையும் சொல்லிருவா. உனக்கு அடிச்சது யோகம்."

தங்கபுஷ்பம் புகார் கொடுக்கவில்லை. யோகத்துக்காகக் கொஞ்சம் என்றால், துடைத்துவிடுவார்களே என்பதற்காக மீதி. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

அதற்கப்புறம் மத்தியானங்கள் கலகலப்பாகப் போயின. பகவதியம்மாள் பேசினால் நேரம் போவதே தெரியாது. மாவுக்கடையில் ஓசிக்கு உளுந்து அரைக்க வரும் எதிர்வீட்டுக்காரி, கடைவாசலில் கோலத்தை மிதிக்கிற பால்காரர் என்று கதை கதையாக எடுத்துவிடுவாள். எல்லாம் யார் யாரோ எந்தெந்த ஆஸ்பத்திரியிலோ சொன்னவை. அவள் வாயில் வரும்போது அவளுடையவை ஆகிவிட்டன. பேச்சோடு பேச்சாக உண்மையும் வந்துவிடும். "குறட்டை விடுவீங்களாக்கா?" என்றால், "எங்க வீட்டுக்காரவுகதான் விடுவாக, நான் எங்க விடுதேன்?" என்பாள். கொஞ்சம் பொறுத்து, "அவுக என்னையச் சொல்லுவாக" என்பாள். ஆட்டம் காணும் பல்லை நாக்கால் அமுக்கிக்கொண்டு சிரிப்பாள். மயக்கத்தில் அது கழன்று தொண்டைக்குள் போகும் என்று சொன்னதும் முகம் தொங்கிப்போகும். "இதச் சொன்னா கெழவின்னு நெனச்சிருவீகளோன்னு பாத்தேன்" என்பாள்.

பரீட்சைக்குப் படித்ததெல்லாம் இப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு உடம்பில் ஏறியது. கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவாமல், பதில் சொன்ன முகத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள். அதே கண்ணோடு மற்ற பதினொரு பேரிடமும் போனாள். கான்ட்ராக்டர் கனகசபை முதல் நாள் குடித்ததை மறைத்தது மீசையின் துடிப்பிலேயே தெரிந்தது. ஒருவரைக்கூட அவள் சாகவிடவில்லை.

பகவதியம்மாளுக்கும் ஒருநாள் எந்தக் குறையும் இல்லாமல் மயக்கம் கொடுத்தாள். துயிலுக்குள் இருக்கும் சர்ஜன் கல்லை எடுத்துக் கடைசித் தையல் போட்டார். மணி அடித்தது. திரையில் பச்சை விளக்கு. தங்கபுஷ்பம் கையுறையைக் கழற்றிவிட்டு அறைக்குள் ஒரு சின்ன ஆட்டமே போட்டாள். மறுநாள் நல்ல செய்தி சொல்லப் போனால், பகவதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னக்கா, நேத்து நல்லா முடிஞ்சதுல்லா?"

"உங்களுக்கு முடிஞ்சது. எனக்கு எங்க முடிஞ்சது? மணி அடிக்கும், இருட்டா போயிரும். பாத்தா மறுபடி இதே மேசை, வயித்துல அதே கல்லு. நான் முழிக்கதே இல்லை டாக்டரம்மா. செத்தாலும் இருட்டுதான், பொழைச்சாலும் இருட்டுதான். எனக்கு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

பகவதியம்மாள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரவுக வெளிய நிக்காகன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுதீக. ஒருநாளாவது முழிச்சு, அவுக நிக்காகளான்னு பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அன்று சாயங்காலம் ஹமீதிடம் கேட்டாள். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "நோயாளிய எழுப்புற பகுதிக்குத்தான் எழுத்துத் தேர்வு தனியா இருக்கே. அதனால தையலோட நிறுத்திட்டாங்க. மணி அடிச்சதும் கையுறையக் கழட்டுவே, கழட்டினதும் உள்ள எல்லாம் அணைஞ்சிரும்."

"கழட்டாம இருந்தா?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கும். யாரும் அப்படி இருந்ததில்லை."

"அவ வீட்டுக்காரர்?"

ஹமீது பதிவைப் புரட்டிப் பார்த்தான். "கணவர் வெளியே காத்திருக்கிறார்னு ஒரு வரி எழுதியிருக்கு. அவ்வளவுதான். ஆளே கிடையாது. அந்தத் தியேட்டருக்குக் கதவு உண்டு, கதவுக்கு அந்தாண்டை ஒண்ணும் எழுதல."

தங்கபுஷ்பம் அன்று அழுதாள். இல்லாத ஒருத்திக்காக, இல்லவே இல்லாத அவள் வீட்டுக்காரருக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

பரீட்சை மதுரையில். தேர்வாளர் பேராசிரியர் குணசீலன். மாணவர்கள் அவருக்கு 'அபாயச் சங்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வாய் திறந்தால் யாருக்கோ ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. தங்கபுஷ்பம் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். ஹமீது சொன்னது போலவே மேசையில் பகவதியம்மாள்தான் படுத்திருந்தாள்.

ஆளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பகவதியம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். சொன்ன பிறகும் தங்கபுஷ்பம் வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லி, வயிற்றை ஸ்கேனில் பார்த்து, எல்லாவற்றையும் தானே சரிபார்த்தாள். ஆக்சிஜன் முகமூடியை வைக்கும்போது பகவதியம்மாள் அதைக் கொஞ்சம் விலக்கினாள்.

"இந்தத் தடவையாவது எழுப்பி விடுதீகளா?"

எல்லாம் வெளியே ஒலிபெருக்கியில் கேட்கும் என்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். "எழுப்புதேன்க்கா" என்றாள்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பியதும் நாடித்துடிப்பு மளமளவென்று இறங்கியது. திரை அலறியது. போன வருஷத்துத் தங்கபுஷ்பமாக இருந்தால் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று மனசுக்குள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். இன்று முதலில் வாயைத் திறந்தாள்: "சார், காத்தை வெளிய விடுங்க, கையை எடுங்க." சர்ஜன் நிறுத்தினார். வாயு இறங்கியது. நாடியைத் தூக்கும் அட்ரோபின் ஏறியது. துடிப்பு மெல்ல மேலே வந்தது. கடைசித் தையல் விழுந்தது. மணி அடித்தது.

"கையுறையைக் கழட்டலாம் டாக்டர்" என்றது குணசீலனின் குரல். "பாஸ் ஆயிட்டீங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம். கையை எடுத்தால் போதும். தங்கபுஷ்பம் குனிந்து பகவதியம்மாளின் மூடிய இமைகளைப் பார்த்தாள். குழாய் வழியே மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அது அவள் மூச்சல்ல, இயந்திரத்தின் மூச்சு.

"நோயாளி இன்னும் முழிக்கல சார்."

"அது எழுத்துத் தேர்வுல வருது. நல்லா எழுதியிருக்கீங்களே."

"எழுதினேன் சார். செய்யல."

"டாக்டர், மணி அடிச்சப்புறம் நின்னா விதிப்படி நான் தோல்வின்னு போட்டாகணும். உங்களுக்கு இது கடைசி வாய்ப்பு, தெரியுமில்ல?"

"தெரியும் சார். மயக்கம் குடுத்தவ பாதியில விட்டுட்டுப் போனா அது கொலை சார். நிஜத் தியேட்டர்ல நான் போனா நீங்க என்னைச் சும்மா விடுவீங்களா?"

வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குணசீலன் எழுந்துவிட்டார். ஆளைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தாள் தங்கபுஷ்பம். அதற்குள் முடித்துவிட வேண்டும். மயக்க வாயுவை மூடினாள். தசைகளைத் தளர்த்திய மருந்துக்கு மாற்று மருந்து கொடுத்தாள். தொண்டையில் தேங்கியதை உறிஞ்சி எடுத்தாள். காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெஞ்சு தானாக ஒரு தடவை உயர்ந்தது. இன்னொரு தடவை.

"பகவதியக்கா. கண்ணத் திறங்க. தலையத் தூக்குங்க பாப்போம்."

தலை மேலே எழுந்தது. நடுங்கியது, ஆனால் கீழே விழாமல் நின்றது. குழாயை உருவினாள். பகவதியம்மாள் இருமினாள், முகத்தைச் சுளித்தாள், கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்துக் கூசி மறுபடி மூடித் திறந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"கல்லு?"

"எடுத்தாச்சு."

பகவதியம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. தங்கபுஷ்பத்துக்குக் கண்ணாடிக்குள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. தோற்றுப் போனதில் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. அப்போது அந்தக் கேள்வி வந்தது.

"அவுக நிக்காகளா டாக்டரம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இப்போதுதான் நின்றார், டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சொன்னால் நம்பிவிடுவாள். ஆனால் அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியலக்கா. பாத்துட்டு வாரேன்" என்றாள்.

தியேட்டரின் கதவு அத்தனை வருஷத்தில் யாரும் தொடாத கதவு. அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடக்கும், திரும்பி வந்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் அதைத் தள்ளினாள்.

வெளியே வெள்ளையாகத்தான் இருந்தது. தரையில்லை, சுவரில்லை. அதன் நடுவில் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகம் யாரோ ஒருவரின் முகம், கணினி அவசரத்துக்குக் கொடுத்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

"பகவதியம்மா கூட வந்தவங்க நான்தான்" என்றது குணசீலனின் குரல். "உள்ள வரலாமா டாக்டர்?"

தங்கபுஷ்பம் பிடித்திருந்த கதவை விடவில்லை.

"தேர்வாளர் உள்ள வந்துட்டா பரீட்சைக் கடிகாரம் நின்னுரும், நேரம் மீறினதாவே கணக்கில்லை" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கருவியச் சரிபாக்க எப்பவோ போட்ட விதி. இன்னும் எடுக்கல. நீங்க இன்னும் பாஸ்தான். சீக்கிரம், எனக்கு இந்த வெள்ளையப் பாத்தாத் தலை சுத்துது."

உள்ளே போனார். மேசையருகே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எத்தனையோ தியேட்டர்களில் ராஜாவாக நின்ற மனிதர், நோயாளியின் புருஷனாக நிற்கத் தெரியாமல் கையைப் பிசைந்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "லேசா" என்றாள் பகவதியம்மாள். "நல்லபடியா முடிஞ்சிருச்சு. பயப்படாத" என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்தவர் போலத் திரும்பி வெளியே போய்விட்டார். போகும்போது, 'இந்தத் தடவையாவது' என்று அவள் கேட்டதிலேயே நினைவு அழியாதது புரிந்துவிட்டதாகவும், துயிலைப் பராமரிப்பவர்களிடம் பேசி அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிடுவதாகவும், நோயாளியைக் கேட்காமல் அவரிடமிருந்து எதையும் எடுக்க நமக்கு உரிமை ஏது என்றும் தங்கபுஷ்பத்தின் காதில் முணுமுணுத்தார்.

கதவு மூடியது. பகவதியம்மாள் கையசைத்துத் தங்கபுஷ்பத்தைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அது எங்க வீட்டுக்காரவுக இல்லல்லா?"

தங்கபுஷ்பம் தலைகுனிந்தாள். "இல்லக்கா."

"எனக்குத் தெரியும். எந்த ஊர்ப் புருசன் கூப்பிட்ட ஒடனே வந்து நிக்கான்? டீக்கடைக்கு ஆள் விட்டுல்லா கூப்பிடணும்." சிரிக்கப் போய் வயிறு வலித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு தங்கபுஷ்பத்தின் கையுறையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல டாக்டரம்மா. எனக்குன்னு ஒருத்தர் வந்து நின்னாகள்லா."